மணிக்குப் பச்சைப் பொட்டு

தாம்பரத்தில் சிந்தசைசருக்குப் பொட்டு வைத்த ஒரே ஆள் என் சித்தப்பாவாகத்தான் இருக்கும்.

யாரோ வாசித்துத் தேய்த்து விற்ற பழைய கீபோர்டு பெட்டி அது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஓசை எப்படி எழ வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், கையை எடுத்தபின் எப்படி அடங்க வேண்டும் என்பதற்கு மேலும் கீழும் தள்ளும் நான்கு குமிழ்கள். "மணின்னா டங்குனு வந்துடணும் பாப்பா, அப்புறம் மெதுவாத் தேயணும். அதையே மெல்ல எழுப்பினா வயலின்" என்று தள்ளிக் காட்டுவார். நிறுத்த வேண்டிய இடம் மறக்காமலிருக்க ஒவ்வொரு குமிழின் பக்கத்திலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். வயலினுக்குச் சிவப்பு, மணிக்குப் பச்சை. சிவப்பு அம்மாவுடையது. பச்சையை எங்கள் வீட்டில் யாரும் வைப்பதில்லை, அவருக்கென்றே வாங்கியது.

அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் அவர் தற்காலிகம். சேலையூர்ப் பக்கம் ஒரு கோவில் கச்சேரி நன்றாக அமைந்தால் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாகத் தலைவர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் கம்பெனி வேலை. அப்பா அங்கே ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார்.

கச்சேரியன்று மத்தியானம் சித்தப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பொட்டுகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோணல்மாணலாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஊரே பார்க்கப் போகிறதே! எல்லாவற்றையும் உரித்துக் கோலப்புள்ளி மாதிரி நேராக ஒட்டினேன். கடைசிப் பச்சை மட்டும் என் நெற்றிக்குப் போனது. செய்த வேலைக்குக் கூலி வேண்டாமா?

சாமி பாட்டோடு கச்சேரி தொடங்கியது. எடுத்ததும் மூன்று மணியோசை. சித்தப்பா பச்சைகளைப் பார்த்து அவசரமாகத் தள்ளினார். நான்காவதைத் தேடுவதற்குள் தலைவர் கை காட்டிவிட்டார். டங்கென்று வரவேண்டியது 'ம்ம்மா' என்று மெல்ல எழும்பி, கையை எடுத்த பிறகும் அடங்காமல் இழுத்தது.

"இன்னாப்பா, சாமி பாட்டுல மாடு கத்திகினு கீது?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் நானும் சிரித்தேன். சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணை அல்ல, அதற்குச் சற்று மேலே. அப்போதுதான் நான் செய்த காரியம் புரிந்தது.

இடைவேளையில் தலைவர், "மானத்தை வாங்கிட்டியேப்பா. பெட்டிய யாராவது தொட்டாங்களா?" என்று கேட்டார். நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்திருந்தேன்.

"யாரும் தொடலை சார். நான்தான் அவசரத்துல மாத்தி வெச்சிட்டேன்" என்றார் சித்தப்பா.

வீட்டுக்கு வந்ததும் என் நெற்றிப் பொட்டை உரித்துத் தன் விரலில் ஒட்டிக்கொண்டு, "பச்சை உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நல்லவேளை, அவருக்குத் தெரியவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பெட்டியைத் தவிர எங்கள் வீட்டில் வேறெங்கும் பச்சைப் பொட்டு கிடையாது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. அடுத்த மாதம் சித்தப்பா டிபன் பாக்ஸோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரயிலேறியபோது, பிளாட்பாரத்தில் நின்று சந்தோஷமாகக் கையாட்டினேன்.