கண்டலுக்குள் நான் கட்டிய வேலி

புளியந்தீவில் ஆற்றோரப் பூங்காவுக்கு நான் வாச்சர். காவல் காப்பதும் நான்தான், கூட்டுவதும் நான்தான், சனத்திடம் ஏச்சு வாங்குவதும் நான்தான். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறு. பூங்காவின் பின்பக்கம் சேற்றில் வேர் ஊன்றி நிற்கிற ஒரு துண்டுக் கண்டல் காடு மிஞ்சிக் கிடக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடம், உள்ளே போகக் கூடாது என்று அரசாங்கம் பலகை நட்டிருக்கிறது. அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டுதான் சனம் பியர் குடிக்கும்.

போன வருசம் அந்தக் கண்டல் வேர்களுக்குள் ஒரு நீர்நாய் குட்டி போட்டிருந்தது. இரண்டு குட்டிகள். விடியக்காலமை நான் விளக்குமாற்றோடு போகும்போது தாய் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு சேற்றில் ஓடிவரும். என்னைக் கண்டால் நிற்கும், மூக்கைத் தூக்கி மணந்து பார்க்கும், இது அந்தக் கத்துகிற பொம்புளதான் என்று விளங்கிக்கொண்டு தன்பாட்டில் போய்விடும். எனக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நீர்நாயைப் பிள்ளை என்று கொஞ்சிக்கொண்டு திரிகிற ஆளும் நான் இல்லை. அந்த இரண்டு குட்டியும் வளர்ந்து ஆற்றில் இறங்கிப் போவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

சனம் விட்டால்தானே! யாரோ போனில் படம் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் திருவிழாதான். பிறந்தநாள் கேக் வெட்டி முடிந்த கையோடு மிச்சத்தை வேர்ப்பக்கம் எறிவார்கள். குட்டி வெளியே வராவிட்டால் வெறும் பியர் ரின்னை எறிவார்கள். அதற்கும் அசையாவிட்டால் கல். ஒருநாள் மடிப்புக் கலையாத நீளக்காற்சட்டை போட்ட ஒருவர், மனைவியும் மகளும் பக்கத்தில் நிற்க, எறிந்த கல் ஒரு குட்டியின் முதுகில் பட்டது. அது கீச்சென்று கத்தியது. அவர் சிரித்தார்.

"உங்கட பிள்ளைக்கு ஒருத்தன் இப்பிடி எறிஞ்சா சிரிப்பீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"கூட்டுற வேலையப் பாருகா. ஆத்தையும் உனக்கு எழுதித் தந்திருக்கா?" என்றார். மகளும் சிரித்தது.

எறிந்த சோற்றுப் பார்சலுக்கு ஊர்நாய்கள் வரத் தொடங்கின. சோறு முடிந்ததும் மணம் பிடித்து உள்ளே போயின. ஒரு காலமை சேற்றில் நாய்க்கால் தடம் குட்டிகள் கிடந்த வேருக்கு ஒரு முழம் வரை போயிருந்தது. மேலே இருப்பவர்களிடம் சொன்னேன். பாப்பம் என்றார்கள். அந்தப் பாப்பத்தை நம்பி இருந்தால் நாய்க்கு விருந்துதான் என்று நானே இறங்கினேன்.

நான் செங்கலடிப் பக்கம் பிறந்தவள், வயல் வட்டையும் வரம்பும் தெரிந்தவள். எங்கள் வளவில் கீரைப் பாத்தியைக் கோழி கிளறாமல் இருக்கப் பழைய வலையைத்தான் சுற்றிக் கட்டுவோம். என்ட மனிசன் ஆற்றில் மீன் பிடிக்கிறவர். வீட்டுக் கூரையின் இறப்பு விளிம்பில் அவருடைய தங்கூசி வலை ஒரு கட்டுச் சொருகிக் கிடந்தது. தங்கூசி என்றால் தலைமயிர் போல மெல்லிய பிளாஸ்டிக் நூல், தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. தடை செய்த வலை. அவர் அதைப் போடவும் இல்லை, எரிக்கவும் மனம் வரவில்லை. நான் இழுத்து எடுத்தேன்.

"சேத்தில கட்டாத புள்ள. மழை வந்தா ஆறு ஏறும். கடலுக்குப் போற ஆத்துவாய் மண்ண வெட்டி விடுமட்டும் தண்ணி இறங்காது. தண்ணிக்க நிண்டா அது வேலியில்ல" என்றார்.

"வலையக் கடிக்குதெண்டு நீங்க நீர்நாய்க்குப் பேசாத பேச்சா? இப்ப மட்டும் எங்கயிருந்து வந்த பாசம்?" என்றேன். தோணிப்பக்கம் போய்விட்டார். என்ட வாய் அப்பிடி.

ஒரு பின்னேரம் முழுக்கச் சேற்றில் நின்று தடி ஊன்றி வேர்களைச் சுற்றிக் கட்டினேன். தாய் போய்வர ஆற்றுப்பக்கம் ஒரு வாசலும் விட்டேன். எனக்கு எவ்வளவு புத்தி, பாருங்கள். நாய்கள் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயின. ஒரு கிழமை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மறுகா மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. பூங்காவைப் பூட்டிவிட்டார்கள். நான் வீட்டில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு போர்த்துக் கிடந்தேன். வேலி ஒருதரம்கூட என் நினைவுக்கு வரவில்லை. ஆத்துவாய் இன்னும் வெட்டவில்லை.

நாலாம் நாள் காலமை போனால் கண்டலடியில் கூட்டம். நான் கட்டிய வலையும் நான் விட்ட வாசலும் முழங்கால் தண்ணீருக்குக் கீழே. தாய் உருண்டு உருண்டு உடம்பு முழுக்க நூலைச் சுற்றிக்கொண்டு செத்துக் கிடந்தது. கடைவாயை நூல் அறுத்திருந்தது. தாயிடம் போன குட்டி ஒன்று அதன் கழுத்தடியில் சிக்கிச் செத்திருந்தது. மற்றது மேல்வேரில் இருந்து கத்தியது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போயிருந்தது.

கல் எறிந்த அதே காற்சட்டைக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். "எந்தச் சண்டாளன் இதைக் கட்டினது? நீ வாச்சர்தானே, சொல்லு" என்று என்னைக் கேட்டார்.

"ஆருக்குத் தெரியும்? எந்தப் பாவியோ" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

அதற்குள் என்ட மனிசன் தோணியில் வந்துவிட்டார். இறங்கி, கத்தியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்து, இரண்டையும் எடுத்துக் கரையில் கிடத்தினார். யாருடைய வலை என்று கேட்டார்கள்.

"என்ட வலை" என்றார்.

விட்டார்களா? "மீன்காரனுகளே இப்பிடித்தான்" என்றான் ஒருவன். ஒருத்தி காறித் துப்பினாள். காற்சட்டைக்காரர் அவருடைய முகத்துக்குக் கிட்டப் போனைக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார். முழு வலையையும் இப்பவே கழற்று என்று கத்தினார்கள். கடைசித் தடி வரை பிடுங்கித் தோணியில் போட்டுக்கொண்டு போனார். நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சனம் கலைந்த பிறகு அவர்கள் விட்டுப்போன போத்தல்களைப் பொறுக்கினேன்.

மிஞ்சிய குட்டியைப் பிடிக்கப் போனேன், வேருக்குள் பூந்துவிட்டது. மீன் வைத்தேன், தொடவில்லை. வேலியும் இல்லை. இரண்டாம் நாள் காலமை சத்தம் நின்றிருந்தது. இந்த முறை நாய்க்கால் தடம் வேர் வரைக்கும் போயிருந்தது.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போடும்போது கேட்டேன்: "என்னத்துக்கு உங்கட வலையெண்டு சொன்னீங்க?"

"என்டதுதானே" என்றார். சோற்றைப் பிசைந்தார். "கட்டினது நீதானெண்டு நீயே சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

மறுகா கறிச்சட்டியைக் காட்டி இன்னும் ஒள்ளுப்பம் ஆணம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.