மிளகுக்கு ஒரு டாக்டர்

நாய் வளர்ப்பதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கடைசியில் ரிட்டயர் ஆவதும் நாமில்லை. உங்கள் வீட்டு சோபாவிலும் முடி ஒட்டிக்கிடந்தால், இனி நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

எங்கள் மிளகு, நாங்கள் குடியிருக்கும் செகந்திராபாத் அல்வாலில் தெருவில் பிறந்த கறுப்பு நாய். குட்டியாக இருந்தபோது நகராட்சி வண்டி பிடித்துப்போய், கருத்தடை செய்து, காதில் அடையாளத்துக்கு ஒரு வெட்டு வெட்டித் திருப்பி விட்டது. அங்கே கூண்டில் என்ன பட்டாளோ, அதன் பிறகு கம்பிக் கதவைக் கண்டாலே நடுங்கி ஒன்றுக்குப் போய்விடுவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் வீட்டுக்குள் சேர்த்தோம். வயதான காலத்தில் முன்னங்காலில் வீக்கம் வந்தது. எக்ஸ்ரேயில் எலும்புப் புற்று என்றார்கள். எங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். வெட்ட வேண்டாம், கூண்டில் போட வேண்டாம், இருக்கிறவரை வலி தெரியாமல் இருந்து வீட்டிலேயே போகட்டும். இதற்கு ஒத்துக்கொள்கிற, நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற ஒரு டாக்டர் கிடைத்தால் போதும்.

கண்ணாடிக் கதவு

முதலில் போனது குகட்பள்ளியில் ஒரு பெரிய நாய் ஆஸ்பத்திரி. ஏசி, காபி மெஷின், சுவரெல்லாம் சிரிக்கும் நாய்களின் படங்கள். மிளகைத் தொடும் முன்பே எஸ்டிமேட் வந்துவிட்டது. என் ஸ்கூட்டரை விற்றாலும் அதில் கால்வாசிகூடத் தேறாது. காலை எடுத்துவிட்டு, கீமோ கொடுத்து, சில நாள் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டுமாம். உள்ளே என்றால் எங்கே என்று கேட்டேன். கதவைத் திறந்து காட்டினார்கள். வரிசையாக ஸ்டீல் கூண்டுகள். மிளகு அங்கேயே தரையை நனைத்துவிட்டாள்.

"வலிக்கு மட்டும் மருந்து கொடுங்களேன்" என்றேன். அங்கிருந்த இளம் டாக்டர் என்னை விட்டுவிட்டு என் மனைவி வசந்தாவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது: "நிஜமான பாசம் இருக்கிறவங்க காசு பார்க்க மாட்டாங்க மேடம்."

மிக்ஸி கடை மாடி

அடுத்தது மாரெட்பள்ளி. மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே ஒரே அறை. ஃபீஸ் குறைவு. டாக்டர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நம் பாஷை பேசுகிறவர் நம் பேச்சைக் கேட்பார் என்று நம்பிப் போனேன்.

காலை ஒரு தடவை அழுத்தினார், மிளகு அலறினாள். "என்ன சாப்பாடு?" என்றார். "தயிர் சாதம்" என்றேன். அவர் பார்த்த பார்வையில் கேன்சருக்கே நான்தான் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. பிறகு ஊசியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார். "வலிக்கு மருந்தா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்ல சார், முடிச்சுடலாம்" என்றார். மேஜைமேல் நின்ற மிளகு அவருடைய பாக்கெட்டை மோந்து பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "வேண்டாம், நக்கோ, நக்கோ" என்று இந்த ஊர் உருதுவும் கலந்து கத்திக்கொண்டே அவளைத் தூக்கிவிட்டேன். டாக்டருக்கு நிஜமாகவே புரியவில்லை: "கைக்கு சார், எதுக்கு இந்த டென்ஷன்? திரும்பத் தூக்கிட்டுப் போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

கேன்டீன் வைத்தியம்

நாய்க்குச் சீக்கு என்றால் ஆபீஸில் எல்லோரும் டாக்டர். ஒருவர் மஞ்சள் பத்து போடச் சொன்னார். இன்னொருவர் சனிக்கிழமை விளக்குப் போடச் சொன்னார். பக்கத்து சீட் சேகர் தோசையை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தான். எங்கள் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவன். அவன் சாப்பிடும்போது அவன் பாதத்தின்மேல்தான் மிளகு தலையை வைத்துப் படுத்திருப்பாள். ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னான்: "ஷாமீர்பேட் தாண்டி ஏதாவது தாபா பக்கமா இறக்கி விட்டுடு. சோறு கிடைக்கும். நீ மட்டும் திரும்பிப் பார்க்காம வந்துடு."

எருமை டாக்டர்

கடைசியில் வழி காட்டியவர் பால்காரர். அவருடைய எருமைகளைப் பார்க்கிற டாக்டரம்மா மறுநாளே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கம் பூட்ஸில் சாணி. அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, மிளகுக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கே படுப்பாள், எதற்குப் பயப்படுவாள், உங்களுக்கு என்ன விருப்பம் என்றெல்லாம் தெலுங்கில் கேட்டார். வசந்தா மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை எழுதிக் கொடுத்து, வேளை வந்தால் வீட்டுக்கே வந்து கடைசி ஊசி போடுவதாகவும் சொன்னார். ஃபீஸ் எவ்வளவு என்று பயந்து பயந்து கேட்டேன். "எருமைக்கு வாங்கறதுதான் சார். இது அதைவிடச் சின்னதுதானே."

கேட்டது கிடைத்தது

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. தயிர் சாதத்தை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கு போன் செய்து, "இன்னிக்கே செய்யணுமா?" என்று கேட்டேன். "அதை நான் சொல்ல மாட்டேன் சார். உங்க விருப்பப்படி நடக்கணும்னு கேட்டீங்க. எப்போ கூப்பிட்டாலும் வர்றேன்" என்றார்.

யாராவது அதட்டி, இன்றைக்கே செய் என்று சொல்லமாட்டார்களா என்றிருந்தது. கேட்காமலே ஊசியை எடுத்த மாரெட்பள்ளி டாக்டர்மேல்கூட ஆசை வந்துவிட்டது. வசந்தா, "நீங்களே சொல்லிடுங்க" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற என் மகள் நித்யா, "மீ இஷ்டம், அப்பா" என்று முடிவை என்னிடமே தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிளகு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி போன் செய்து, வாங்க என்றேன்.

வாசல் கதவு, பால்கனிக் கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்தோம். என் மடியில் தலை வைத்தபடியே போனாள். அந்நிய மனுஷி எதிரில் அழுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். பூட்ஸை மாட்டிக்கொண்டே டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் நீங்க கேட்ட மாதிரியே நடந்ததா சார்?"

நாம் சொல்வதைக் கேட்கும் டாக்டர் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் கிடைத்துவிட்டால் சொல்ல வேண்டியவர் நாம்தான் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.