அலமேலுவின் செம்பு

திரிபுரசுந்தரி பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் மைசூர் ரயில்வே ஆபீசில் மேலதிகாரியே டீ குடிக்க நழுவிவிடுவாராம். ரிட்டையரான பிறகு அந்தக் கோபம் வேலையில்லாமல் கிடந்தது. 1997-இல் உள்ளூர்க் கல்லூரிக்காரர்கள் அதற்கு வேலை கொடுத்தார்கள்.

தங்களிடம் படித்து மந்திரியாகி இறந்துபோன தொட்டையனுக்காக ஓர் அறையை ஒதுக்கி மியூசியம் வைத்திருந்தார்கள். படிக்கும் காலத்தில் அவர் புதன்கிழமைதோறும் பெரியம்மா வீட்டில்தான் சாப்பிட்டார். ஏழைப் பையன்களுக்கு நாளுக்கு ஒரு வீடு என்று முறைவைத்துச் சோறு போடுவது அப்போது மைசூர் வழக்கம். "எங்கம்மா போட்ட சோத்துல மந்திரியானவன்" என்று பெரியம்மா சொல்லாத ஆள் இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பார்க்கப் போனார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கோட்டு, பேனா, பித்தளைச் செம்பு. செம்பின் கழுத்தில் புள்ளிப்புள்ளியாக 'அலமேலு' என்று தமிழில் வெட்டியிருந்தது. பெரியம்மாவின் அம்மா பெயர். கல்யாணச் சீராக வந்த செம்பு. பக்கத்தில் கன்னட அட்டை: 'தாயார் கொடுத்தனுப்பியது. யார் தயவுமின்றிப் படித்தார்.'

பெரியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "மூணு வருஷம் சோறு போட்டிருக்கா எங்கம்மா. யார் தயவும் இல்லையாமா? இவங்களுக்கு சொல்பமாவது வெக்கம் வேண்டாமா?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சோறு போட்டவள் பெயரைக்கூட மறைத்துவிட்டார்களே, நன்றி கெட்டவர்கள் என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டுத் தொட்டையனின் தங்கை கௌரம்மா வந்தார். அண்ணன் படத்துக்கு மாலை போட, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரிலிருந்து அன்று வந்திருந்தார். பெரியம்மா தான் யாரென்று சொல்லிவிட்டு, "அட்டையை மாத்துங்க. எங்கம்மா பேரை எழுதுங்க" என்றார்.

கௌரம்மா குரலை உயர்த்தவில்லை. "எழுதலாமுங்க. எழுதுனா முழுசா எழுதோணும். எங்கண்ணனை உங்க வூட்டுக்குள்ள விடலீங்க. கொல்லைல, கக்கூஸ் சந்துக்கிட்ட உக்காரவெச்சுத்தான் சோறு. தண்ணிக்கு இந்தச் செம்பத் தனியா வெச்சிருந்தாங்க. படிப்பு முடிஞ்சு கெளம்பறப்ப, 'இதையும் எடுத்துட்டுப் போ, நீ தொட்டது எங்களுக்கு ஆகாது'ன்னாங்களாம். எங்கம்மா குடுத்ததுன்னு போடச் சொன்னது நாந்தானுங்க. என்ன இருந்தாலும் சோறு போட்டவங்க, பேரு கெட வேண்டாம்னு."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சோற்றுப் பெருமை பேசியவர் கொல்லையை மட்டும் விழுங்கியிருக்கிறார். நன்றி கெட்டவர்கள் என்று யாரை நினைத்தேன் என்று எண்ணியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்தக் காலத்துல எங்க ஜாதில எல்லார் வீட்லயும் அப்படித்தான்" என்றார் பெரியம்மா, விறைப்பாகவே.

"அதையும் எழுதட்டுங்களா?" என்று கேட்டார் கௌரம்மா.