வாய்மூடி வரைந்த அக்கா

இன்று கண்டியில் எந்த மேடையில் ஏறினாலும் நிஷாந்தினியைப் பாட்டுக்காரி என்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால், ஓவியர் என்று நிமிர்ந்து நின்று சொல்லியிருப்பாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வரைந்தாள்.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா யோகேஸ்வரியின் உழைப்பில் படித்தவள் அவள். முதல் கண்காட்சிக்கு அக்காவையே ஆளுயரத்துக்கு வரைந்து வைத்தாள். லீவு போட்டு, பஸ் ஏறி, புதுச் சேலையில் வந்த அக்கா படத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

“ஏன்டி, என் வாயத் தச்சு வச்சிருக்க? வாய மூடிக்கிட்டு நாங்க என்னைக்குக் கொழுந்து எடுத்தோம்?”

“அப்பதான்க்கா சோகம் தெரியும்,” என்றாள் இந்தப் புத்திசாலி.

“ஓகோ! ஏஞ் சோகத்தக் காட்டித்தான் ஒனக்குப் பேரு வரணுமா?”

அன்று போனவள்தான். மூன்று மாதமாகப் போனைக்கூட எடுக்கவில்லை.

நிஷாந்தினி தவித்துப்போனாள். படத்தில் வாயைத் திறந்து வரைந்து பார்த்தாள். பல்வலிக்காரி மாதிரி இருந்தது. மறுபடி வரைந்தாள்; கொட்டாவி! ஜன்னல் வழியே வந்த பனியில், சின்ன வயதில் மலையில் கேட்ட பாட்டெல்லாம் அறைக்குள் மிதப்பது போலிருந்தது. பச்சையைத் தொட்டால் ஒரு மெட்டு, மஞ்சளைத் தொட்டால் இன்னொன்று. தூரிகையை வைத்துவிட்டு, அந்த மெட்டுகளுக்குத் தன் சொற்களைப் போட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள்.

அந்த மலையில் ஒரு வழக்கம். வரிசையாக நின்று கொழுந்து பறிக்கும்போது ஒரு நிரையில் பாட்டெடுத்தால் அடுத்த நிரை பதில் பாடியே ஆகவேண்டும்; பாடாவிட்டால் தோல்விதான். முகம் பார்க்காத பகையாளிகள்கூடப் பாட்டுக்குப் பதில் பாடுவார்கள்.

ஒரு காலையில் பன்வில போய் இறங்கினாள். மலை முழுக்கப் பனி. ஆள் தெரியவில்லை, பேச்சுக்குரல் மட்டும் கேட்டது. ரோட்டோரம் நின்று பாடினாள்:

“மூடுபனி மலை மேல முகங்காட்டா எங்கக்கா,
மூணு மாசம் பேசலியே, மூச்சு முட்டிப் போகுதக்கா.”

பேச்சு நின்றது. ஒருத்தரும் பாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் திரும்பியபோது, மேலேயிருந்து அக்காவின் குரல் இறங்கியது:

“பாட்டெடுக்க வந்தவளே, பட்டினியா வந்தியாடி?
அடுப்பு மேல ரொட்டியிருக்கு, ஆறுமுன்னே தின்னுபோடி.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த அடி நிஷாந்தினியின் முறை. அவளுக்கு அழுகைதான் வந்தது.

“தோத்துட்டாடி ஒந் தங்கச்சி!” என்றது ஒரு குரல்.

“தோத்தா என்னவாம்?” என்றாள் யோகேஸ்வரி. “அவ பங்கையும் நானே பாடுறேன்.”