மூச்சு எந்தப் பக்கமோ, ஈரம் அந்தப் பக்கம்

இது நடந்தது. நம்பாவிட்டால் போங்கள். உங்கள் நம்பிக்கையை வைத்து நான் கண்ணாடி வாங்கப் போவதில்லை.

என் பெயர் கஸ்பார். ராயபுரம். அலுமினிய ஜன்னல் மாட்டுவது தொழில். பதினெட்டு வருடத்தில் மனிதர்களின் முட்டாள்தனத்தை நிறையப் பார்த்துவிட்டேன். வீட்டை இழுத்து மூடிக்கொள்வார்கள். உள்ளேயே சோறு வடிப்பார்கள், ஈரத்துணி காயப்போடுவார்கள். மார்கழிக் குளிரில் கண்ணாடி வேர்த்ததும் பேய், பிசாசு என்று அலறுவார்கள். மூச்சு எந்தப் பக்கமோ, ஈரம் அந்தப் பக்கம். இதுகூடத் தெரியாத ஜென்மங்கள்.

ஜெயவேலும் அப்படித்தான் கூப்பிட்டான். விம்கோ நகரில் ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவன். அவன் மனைவி ஜோதிகாவுக்கு வீசிங். ஜன்னல் ஓரமெல்லாம் ஈரம் இறங்கிக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"காலீல அஞ்சு மணிக்கு வந்து பாரு மாமு. ஏழுக்கெல்லாம் காஞ்சிடும். அப்பால நீ நம்ப மாட்ட" என்றான்.

2025 ஜனவரி 8, புதன்கிழமை. காலை 5.05.

ஜன்னலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தள்ளித் திறக்கிற ஜன்னல். அதன் நாலு ஓரத்திலும் சிலிக்கான் பசை அடைத்து, திறக்கவே முடியாமல் செய்து வைத்திருந்தான் எவனோ. ராத்திரியில் ஃபேக்டரி கேஸ் நாற்றம் வருகிறது என்று பயந்த வீடு போல. இந்தப் பக்கம் அப்படி நிறைய உண்டு.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே அப்டித்தான் கீதுண்ணா" என்றாள் ஜோதிகா. "மூச்சு முட்டுது."

"மூச்ச மூக்கால வுடும்மா. ஜன்னலால வுடாத."

எல்லா வீட்டிலும் நான் சொல்கிற ஜோக் அது. அவள் சிரிக்கவில்லை. ஜெயவேலும் சிரிக்கவில்லை. ரசனை கெட்ட குடும்பம்.

பழைய பனியன் துணியால் கண்ணாடி முழுவதையும் துடைத்தேன். பளிச்சென்று ஆனது. "இவ்ளோதான்" என்று திரும்பப் போனேன்.

5.12.

என் இடுப்பு உயரத்தில் மட்டும் ஈரம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. துடைத்தேன். மறுபடி வந்தது... அதே இடத்தில்.

பெரிதானது. சிறிதானது. பெரிதானது.

கீ...ங். கீ...ங்.

வீசிங் சத்தம். ஜோதிகாவுக்கு ஆரம்பித்துவிட்டது என்று திரும்பினேன். அவள் கதவருகே நின்றிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

சத்தம் ஜன்னலிடமிருந்து வந்தது...

கீ...ங்.

இடைவெளி நீண்டது. வட்டம் சுருங்கியது. துடைத்த கையை நான் இன்னும் எடுக்கவில்லை. விரல்களில் சூடாக ஏதோ பட்டது.

மூச்சு.

பயந்துவிட்டேன். சொல்வதற்கு என்ன?

5.16. கத்தியை எடுத்துச் சிலிக்கானைக் கிழித்தேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கிறீச்... ஜன்னல் நகர்ந்தது. கடல் காற்று உள்ளே வந்தது.

சத்தம் நின்றது.

கையோடு வந்த சிலிக்கான் பட்டையின் நடுவே நீளமாக ஒரு கோடு இருந்தது. அடைக்கும்போது கட்டைவிரலால் தடவியவனின் விரலில் வெட்டுத் தழும்பு இருந்தால் அப்படி விழும். எனக்கும் தழும்பு உண்டு. கண்ணாடி வேலை செய்கிற எவனுக்குத்தான் இல்லை? பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கீழ்வீட்டு ஹில்டா அடிபம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த ஜன்னலத் தொறந்துட்டியா நைனா? நல்லா இருப்ப. முன்ன அங்க செல்லக்கனின்னு ஒரு பொம்பள இருந்துச்சு. இழுப்பு. படுக்க முடியாது. ராவெல்லாம் ஜன்னலாண்ட ஸ்டூலப் போட்டு குந்திகினு கெடக்கும்."

ஸ்டூல். உட்கார்ந்தால் முகம் என் இடுப்பு உயரத்தில்.

"நாலு வருசம் ஆவுது. கேஸ் நாத்தம்னு வூட்டு ஓனரு ஜன்னல அடைக்கச் சொன்னாரு. ஒரு பக்கமாச்சும் தொறக்க வுடுப்பான்னு இது கெஞ்சிச்சாம். வேலைக்கு வந்த பேமானி இன்னா சொன்னான் தெரியுமா?"

அந்த வருடம் ஒரு நாளைக்கு நாலு வீடு அடைத்தேன். எந்த வீட்டையும் நினைவில் வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

"மூச்ச மூக்கால வுடும்மான்னானாம். பத்தாம் நாளு காத்தால, அஞ்சே காலுக்கு, கண்ணாடில மூஞ்ச வெச்சாப்பலயே பூட்ச்சு. அவன் மட்டும் என் கைல ஆப்ட்டான்..."

குடத்தைத் தூக்கிவிடச் சொல்லி ஹில்டா கையைக் காட்டினாள். தூக்கிவிட்டேன், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு.