நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு அனுமதி இல்லை

உம்மணா காலை பத்து மணிக்கு வேலைக்குப் போவாள். போவாள் என்றால், கூடத்தைத் தாண்டிப் பின் அறைக்குப் போவாள். அங்கே இரண்டு கணினித் திரைகள், முதுகு நேராக நிற்கும் ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. கதவைச் சாத்தினால் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குத்தான் திறக்கும். நடுவில் வீடே பற்றி எரிந்தாலும் கையிலிருக்கும் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வருவாள் என்று அவள் கணவர் சொல்லுவார். அவர் குழாய் வேலை பார்ப்பவர். பாதி வேலையில் எழுந்து வர முடியாத கஷ்டம் அவருக்குப் புரியும்.

அவள் தொழில் கணினியில் ஆடும் போக்கர் சீட்டாட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும், ஒவ்வொரு முறையும் பந்தயம் கட்ட வேண்டும். சீட்டு சரியில்லை என்று தோன்றினால் கவிழ்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய பந்தயம் கட்டி எதிராளியை விலக வைப்பதுதான் இதில் உயர்ந்த வித்தை. நேரில் ஆடினால் அதற்கு முகம் ஒத்துழைக்க வேண்டும். நாலு ஏஸ் வந்தாலும் நாசமாய்ப் போனாலும் அவள் முகம் ஒரே மாதிரி உம்மென்று இருக்கும். சீட்டாட்டக் கூட்டாளிகள் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. இப்போது கணவரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஒன்பது வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. வீடு நடப்பதில் பாதி அந்தப் பின் அறையிலிருந்து வருகிறது. இது ஊருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, தபால் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கடிதம் பிரித்துப் போட்டவள். படிவம் நிரப்புவதில் சூரப்புலி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை உம்மணா விட்ட புதிதில், குடும்ப விவரப் படிவம் ஒன்றை நாத்தனார்தான் உட்கார்ந்து எல்லாருக்குமாக நிரப்பினாள். உம்மணாவின் பெயருக்கு நேரே தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று குண்டு குண்டாக எழுதினாள். உம்மணா திருத்தச் சொன்னாள். நாத்தனார் பேனாவை மூடிவிட்டாள்.

"தபால் பிரிக்கிறது தொழில். குழாய் மாட்டறது தொழில். சீட்டாடறது பொழுதுபோக்கு, இல்லன்னா சூது. இதுல எதை எழுதட்டும், நீயே சொல்லு."

அன்றோடு பேச்சு நின்றது. விசேஷங்களில் ஒரே பந்தியில் உட்கார்ந்தால்கூட நடுவில் கணவர் உட்கார்ந்து சேதி கடத்துவார். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவர்தான்.

அப்படிப்பட்ட நாத்தனார் ஓய்வு பெற்றபின் போக்கர் கற்றுக்கொண்டாள் என்ற செய்தி வந்தபோது உம்மணா முதலில் நம்பவில்லை. சலவைக் கடைக்கு மேலே ஒரு கூடம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அங்கே புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இலவசப் போட்டி. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜெயித்தால் இரண்டு படுக்கை விரிப்புகளைக் கீழ்க் கடையில் வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். காசு வைக்காமல் ஆடினால் அது சூது இல்லை, மூளைக்குப் பயிற்சி என்பது நாத்தனாரின் சித்தாந்தம். பட்டியல் எழுத வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால் மூன்றே மாதத்தில் அதற்குப் பொறுப்பாளரும் ஆகிவிட்டாள்.

இதைக் கேட்ட நிமிஷமே உம்மணாவின் மனசில் ஒரு திட்டம் உட்கார்ந்துவிட்டது. அந்த இலவசப் போட்டிக்குப் போக வேண்டும். நாலு வாரம் வரிசையாக ஜெயிக்க வேண்டும். கற்றுக்குட்டிகள் எல்லாம் சேர்ந்து முறையிட வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று நாத்தனார் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக, வெளியே துரத்தப்படவும் அவள் தயாராக இருந்தாள்.

"ஜெயிச்சா விரட்டுவாங்க, தோத்தா சிரிப்பாங்க. இது எதுக்கு உனக்கு?" என்றார் கணவர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததும் கீழேயிருந்து சோப்பு வாடையும் இஸ்திரி ஆவியும் ஏறி வந்தன. தரை வெதுவெதுப்பாக இருந்தது. மடக்கு மேசைகளில் பந்தயம் கட்டக் காசுக்குப் பதிலாகக் கலர் கலராகப் பிளாஸ்டிக் வில்லைகள். அவளை அடையாளம் கண்டுகொண்டவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மாதான். இவங்க இதையே பிழைப்பா வச்சிருக்கிறவங்களாச்சே, நம்மோட உட்காரலாமா, என்று அப்போதே கேட்டுவிட்டாள். உடனே வழக்கு மன்றம் கூடியது. ரொட்டிக் கடைக்காரர், குழந்தைகள் ஓடும் பந்தயத்தில் ஓட்டக்காரரை விடுவது நியாயமா என்றார். லிஃப்ட் மெக்கானிக், தெரிந்தவரோடு ஆடினால்தானே நமக்கும் நாலு விஷயம் தெரியும் என்றார். உம்மணா நாத்தனாரைப் பார்த்தாள். வந்த அன்றைக்கே காரியம் முடிந்துவிடும் போலிருந்தது.

நாத்தனார் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இதைத் தொழிலா வச்சிருக்கிறவங்க யாரும் இங்க வரலை. நேரமாச்சு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

சரி, ஜெயித்துக் காட்டுவோம் என்று உம்மணா உட்கார்ந்தாள். இருபது நிமிஷத்தில் வெளியே போன முதல் ஆள் அவள்தான்.

நடந்தது இதுதான். கையில் உருப்படியாக ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் விழுந்த சீட்டுகளை வைத்துப் பார்த்தால், அவளிடம் பெரிய சீட்டு இருப்பதாக விவரம் தெரிந்த எவரும் நம்புவார்கள். பக்குவமாகத் தன் வில்லை மொத்தத்தையும் பந்தயம் கட்டினாள். ரொட்டிக் கடைக்காரர் விடியலுக்கு முன்னால் எழுந்து மாவு பிசைந்தவர், பாதித் தூக்கத்தில் இருந்தார். தன் சீட்டைப் பார்த்தார், உம்மணாவைப் பார்த்தார், எல்லா வில்லைகளையும் நடுவில் தள்ளினார். அவரிடம் இருந்தது ஒரு ஜோடி நாலு. இதை வைத்துக்கொண்டு எப்படித் தைரியமாகத் தள்ளினீர்கள் என்று உம்மணா கேட்டே விட்டாள்.

"இலவசம்தானே மேடம். பாத்துட்டுப் போவோம்னு."

அந்தப் பாத்துட்டுப் போவோம்தான் அவளைக் கொன்றது. அவள் வித்தையெல்லாம் இழக்கப் பயப்படுகிறவர்களிடம் பலிக்கிற வித்தை. இங்கே யாருக்கும் இழக்க ஒன்றுமில்லை, அதனால் யாரும் விலகுவதே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா என்ன வந்தாலும் ஆடுவாள். லிஃப்ட் மெக்கானிக், தன்னிடம் இல்லாத வரிசையை இருப்பதாக நம்பிக் கடைசி வரை போவார். சீட்டைத் திறக்கும்போது அதைவிடப் பெரிய வேறொன்று அவரிடம் இருக்கும். அதை மேசையில் உள்ளவர்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்வார்கள். வைத்திருப்பவருக்கே தெரியாத சீட்டை எதிராளி எப்படிப் படிப்பது?

ஏழு செவ்வாய்க்கிழமை இப்படியே போனது. மூன்றாவது வாரத்திலிருந்து அவளை வெளியேற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. ஐந்தாவது வாரம் லிஃப்ட் மெக்கானிக் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் பொறுமையாக ஆட வேண்டும், அவசரப்படக்கூடாது என்று புத்தி சொன்னார். ஆறாவது வாரம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா, ஆரம்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். உம்மணாவின் முகம் வழக்கம்போல உம்மென்றுதான் இருந்தது.

உம்மணாவோடு நேராகப் பேசுவதில்லை என்பதால் நாத்தனார் ஆட்டத்தில் பேச வேண்டியதைக்கூட மேசையைப் பார்த்துப் பேசினாள். 'யாரோ பந்தயம் கட்டணும்' என்பாள். 'யாரோ சீட்டை எடுக்கலை' என்பாள். ஒரு தடவை, உம்மணா மொத்தமும் தோற்று வாய் உலர்ந்து உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர் பாட்டிலை மட்டும் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டாவது வாரத்துக்கு முந்தின நாள் உம்மணா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். கடைசியில் ஒரே வரி எழுதினாள்: 'இவர்களை மிரட்டாதே. நல்ல சீட்டு வரும்வரை சும்மா இரு.' ஒன்பது வருஷத்தில் கற்றதையெல்லாம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நல்ல சீட்டு வந்தால் கட்டினாள், வராவிட்டால் கவிழ்த்தாள். அவர்கள் வழக்கம்போலப் பாத்துட்டுப் போகலாம் என்று வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

நாலு வாரம் தொடர்ந்து ஜெயித்தாள். வீட்டில் இருந்த விரிப்பெல்லாம் வெளுத்தாகிவிட்டது. நாலாவது வாரம் கணவர் அலமாரியைக் குடைந்து, கல்யாணத்தில் வந்து பிரிக்காமலே கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேசையில் முணுமுணுப்பு எழுந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா இப்போது முதுகைத் தடவுவதில்லை. ரொட்டிக் கடைக்காரர், இதற்கு நான் வீட்டில் போய்த் தூங்கலாம் என்றார். புத்தி சொன்ன லிஃப்ட் மெக்கானிக் மட்டும், தன் போதனை வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். ஆனால் அவரும் இனி உம்மணாவோடு ஆட முடியாது என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கதவில் தாள் ஒட்டியிருந்தது. குண்டுக் கையெழுத்து. உம்மணா மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். கிட்டே போய்ப் படித்தாள்.

'நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு அனுமதி இல்லை. இப்படிக்கு, பொறுப்பாளர்.'

இரண்டு தடவை படித்தாள். தாளின் பின்பக்கம்கூடத் தூக்கிப் பார்த்தாள். தொழில் என்ற வார்த்தை எங்குமே இல்லை. முப்பத்தொரு வருஷம் அலுவலகத்தில் இருந்தவள் எப்படி நழுவியிருக்கிறாள் பாருங்கள். பின்னாலேயே வந்த லிஃப்ட் மெக்கானிக்கும் அதை நின்று படித்துவிட்டுக் கவலையோடு உள்ளே தலையை நீட்டி, அப்போ நான் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்று ஐந்தாறு குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

உம்மணா இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்ட வார்த்தையும் கிடைக்கவில்லை, உட்கார்ந்த நாற்காலியும் போய்விட்டது. பின் அறையில் கணினித் திரையில் நாலு மேசைகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடினாள், ஜெயித்தாள், ஒரு சுகமும் இல்லை. அந்த அசட்டுக் கும்பல் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அதைவிட, ஒன்பது வருஷம் கழித்து நாத்தனாரோடு ஒரே மேசையில் பதினோரு வாரம் உட்கார்ந்திருக்கிறாள். சண்டையோடு உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததுதானே. அதை இழந்தது அவளுக்கு நிஜமாகவே வலித்தது. பேசாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குக் கணவரிடம் சொன்னாள். அவர் கைகழுவும் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார், அங்கிருந்தே ம் என்றார்.

இரண்டு செவ்வாய்க்கிழமை கழிந்தன. மூன்றாவது செவ்வாய் மத்தியானம் போன் அடித்தது. திரையில் நாத்தனாரின் பெயர். ஒன்பது வருஷமாக அந்தப் பெயர் அந்தத் திரையில் வந்ததே இல்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தாள்.

பின்னால் ஒரே கூச்சல். நலமா சௌக்கியமா எல்லாம் இல்லை.

"ஒரு சந்தேகம்" என்றாள் நாத்தனார். "ரொட்டிக் கடைக்காரர்கிட்ட கொஞ்சம் வில்லைதான் இருந்தது, எல்லாத்தையும் வச்சுட்டார். நானும் மெக்கானிக்கும் அதுக்கு மேல கட்டிக்கிட்டே போனோம். இப்ப தொறந்தா அவர் சீட்டுதான் பெருசு. மொத்தத்தையும் குடுன்னு உக்காந்திருக்கார். யாருக்குச் சேரணும்?"

அவர் எவ்வளவு வைத்தாரோ, அவ்வளவுதான் மற்ற ஒவ்வொருவரிடமிருந்தும் அவருக்குச் சேரும், அதற்கு மேல் கட்டியது உங்கள் இருவரில் யார் சீட்டு பெரிசோ அவருக்கு என்று உம்மணா நிதானமாகச் சொன்னாள். நாத்தனார் அதை அப்படியே மேசைக்கு ஒப்பித்தாள். ரொட்டிக் கடைக்காரர் அடங்கவில்லை. இதைச் சொல்ல அது யார், யாரிடம் கேட்கிறீர்கள் என்று அவர் தூக்கக் கலக்கமே இல்லாமல் கத்துவது கேட்டது.

"எங்க தம்பி பொண்டாட்டிகிட்ட. அவளுக்கு இதுதான் தொழில். அதனாலதான் அவளை உள்ள விடலை, தெரியுமில்ல?"

போனைக் கையில் பிடித்தபடி உம்மணா அப்படியே நின்றாள். ஏஸ் நாலும் வந்தாலும் மாறாத முகம், என்ன செய்வது என்று தெரியாமல் கோணிக்கொண்டது. நல்ல வேளை, பார்க்க யாரும் இல்லை.

"இருக்கியா?" என்றது போன்.

"இருக்கேன் அண்ணி."

"வச்சிடாத. இன்னும் ரெண்டு தகராறு இருக்கு."

உம்மணா நாலு மேசைகளையும் மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.