ஈஸ்வரி எங்கே போய்ச் சாப்பிட்டாள்

பாண்டிச்செல்வம் என் தம்பி. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தான் தின்பதைவிட அடுத்தவர் தின்பதை ரசிக்கிற பிறவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்ணெடுத்த மனைவி ஈஸ்வரியை எதிரே உட்காரவைத்து, அவள் உருட்டி உருட்டி விழுங்குவதைக் கேலி செய்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

அவனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டு, மதுரை ஆஸ்பத்திரியில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வாய்க்கு ரெண்டு மடக்குத் தண்ணீர்தான். பால் நிறத்துப் பை ஒன்றிலிருந்து, நெஞ்சில் பதித்த குழாய் வழியாகச் சத்தெல்லாம் நேரே ரத்தத்தில் இறங்கும். அதில்தான் உயிர் பிழைத்துக் கிடந்தான்.

ஆனால் வரவர முகம் இறுகிப்போனது. சிரிப்பில்லை, பேச்சு முணுமுணுப்பு. அவள் தட்டோடு வந்தால் வெறித்துப் பார்ப்பான். தான் தின்பது அவனுக்கு எரிகிறது என்று ஈஸ்வரி முடிவுகட்டினாள். வீட்டில் தாளிப்பதையே நிறுத்தினாள். பக்கத்தில் என் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஆறின சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

"முன்ன மாதிரி ஒருநா கேலி பண்ண மாட்டாவளான்னு ஏக்கமா இருக்கு மதினி" என்று அழுவாள். எனக்குத் தம்பி மேல் பற்றிக்கொண்டு வரும். உயிரைக் கொடுத்துப் பார்க்கிறவளிடம் என்ன முறைப்பு?

அவனுக்குக் கையும் நடுங்கத் தொடங்கியதும் ராஜபாளையத்தில் தலையை ஸ்கேன் எடுத்தோம். மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும், வெள்ளையாக ஒரு திட்டு. மாங்கனீசு படிந்திருக்கிறதாம். உடம்புக்குத் துளியூண்டு வேண்டிய சத்து. சோற்றில் வந்தால் குடல் அளந்து உள்ளே விடும், மிச்சத்தைப் பித்தநீர் வெளியேற்றும். ரத்தத்தில் நேரே இறங்குவதைத் தடுக்க ஆளில்லை. இவனுக்குப் பித்தநீரும் சரியாக இறங்கவில்லை.

"இதனால முகத்துத் தசை இறுகிரும். பாக்கிறவங்களுக்குக் கோவமா இருக்கிற மாதிரித் தெரியும்" என்றார் டாக்டர். "பையில அந்தச் சத்த நிறுத்திருவோம். படத்துல வெள்ளை கொறையும். முகம் எம்புட்டுத் திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது."

ஈஸ்வரி மறுநாள் மத்தியானம் தெருவே மணக்கக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தட்டோடு போய் அவன் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் போட்டாள். அவன் முகத்தில் ஓர் அசைவில்லை. அவளுக்குக் கை நின்றுவிட்டது.

"சத்தியமாச் சொல்லுங்க, கோவமா இருக்கியளா?"

அவன் குரல் முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"இம்புட்டு நாளா எங்கட்டி போயித் தின்ன?" என்றான். "நான் சிரிச்சிக்கிட்டுல்ல இருக்கேன். தின்னு."